உன் கல்யாண ஒயின் வந்த வழி

அருள் கண்ணா,

நேற்று போனில் நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அம்மா, நம்ம டோஸ்ட்டுக்கு வெச்ச போர்ட் ஒயின் எங்க வாங்கினீங்க? ஆபீஸ்ல ஒருத்தனுக்குக் கல்யாணம். நல்லதாவும் இருக்கணும், கையக் கடிக்காமலும் இருக்கணும்னு தேடிகினு இருக்கான். பேரு மட்டும் சொல்லு." நான் "அப்புறம் சொல்றேன்டா" என்று வைத்துவிட்டேன். ஒரு பாட்டில் பேரைச் சொல்ல அம்மாவுக்கு என்ன இவ்வளவு யோசனை என்று நினைத்திருப்பாய். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார், அதுதான் காரணம். பேரை மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் பேரோடு முடிகிற கதை இல்லை அது. நேரில் வந்து சொல்லலாம் என்றால், செங்கல்பட்டிலிருந்து பொத்தேரிக்கு மின்சார ரயிலில் அரை மணி நேரம்தான், ஆனால் அவரும் கூடவே கிளம்பிவிடுவார். அதனால் எழுதுகிறேன். ஜெனியும் படிக்கட்டும். படித்த பிறகு இரண்டு பேரும் அவர் முன்னால் ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தால் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆல்பம் வந்ததும் நீ ஒரு படத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தாய். பட்டுச் சட்டை போட்ட உன் அப்பா, முழங்கையில் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டு, சம்பந்தி வீட்டார் மேசையில் குனிந்து ஒயின் ஊற்றிக்கொண்டிருக்கிறார். பின்னால் மேடையில் நீ, உட்காருங்க உட்காருங்க என்று கையைக் காட்டிக்கொண்டிருக்கிறாய். ஓரத்தில் நான் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். "மாப்பிள்ளையோட அப்பா எதுக்கும்மா சர்வர் மாதிரி ஊத்திகினு இருக்கணும்? ஜெனி வீட்டுல இன்னா நெனச்சிருப்பாங்க?" என்று கேட்டாய். அன்றைக்கு நான் சும்மா இருடா என்று அதட்டியதோடு சரி. உன் நண்பனுக்கு ஒயின், உனக்கு அந்தப் படம். இரண்டுக்கும் சேர்த்து இந்தக் கடிதத்தில் பதில் இருக்கிறது.

முதலில் ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். டோஸ்ட்டே வேண்டாம், திராட்சை ஜூஸ் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னவன் நீதான். அப்பாவுக்காகச் சொன்னாய், அது எனக்குத் தெரியும். எனக்கும் அதுதான் ஆசை. நம்மவர்கள் கல்யாணத்தில் கேக் வெட்டியதும் பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்து நாலு நல்ல வார்த்தை சொல்லி டம்ளரை உயர்த்துவதும், எல்லாரும் ஒரு வாய் ஒயின் குடிப்பதும் வழக்கம்தான். அந்த ஒரு வாய்க்காக என் வீட்டுக்குள் பாட்டில் நுழைவதை நான் விரும்பவில்லை. உன் அப்பாதான் ஒற்றைக் காலில் நின்றார். "நான் குடிக்கலன்னா ஊரே ஜூஸ் குடிக்கணுமா? ஹோட்டல்ல எத்தனை பேர் வூட்டுக் கல்யாணத்துக்கு ஊத்தியிருக்கேன். எம் புள்ள கல்யாணத்துல சாயத் தண்ணி ஊத்த சொல்றியா?" என்று கேட்டார்.

அவர் சொன்னது வாஸ்தவம்தான். மாமல்லபுரம் கடற்கரை ஹோட்டலில் அவர் பாரில் நின்ற காலத்தில், சாப்பாடு முடிந்த பிறகு சின்னக் கிளாஸில் போர்ட் ஒயின் கேட்கிற வெள்ளைக்காரப் பெரியவர்கள் வருவார்களாம். அவர்களிடம் நின்று நின்று கற்றுக்கொண்ட நாக்கு அவருடையது. கெட்டதும் அங்கேதான். பாட்டில் அடியில் மிச்சம் இருப்பதைக் கொட்ட மனசு வராமல் ஆரம்பித்தது, பிறகு மிச்சத்துக்காகக் காத்திருக்கும் அளவுக்குப் போய்விட்டது. அந்த வருஷங்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நீயும் அந்த வீட்டில்தான் இருந்தாய், எவ்வளவு பார்த்தாயோ அவ்வளவு உனக்கே தெரியும். நீ எட்டாவது படிக்கும்போது மாதா கோயிலில் வைத்துக் குடியை விட்டார். விட்டது விட்டதுதான். ஆனால் எனக்கு நம்பிக்கை வர வேண்டுமே. தினம் சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழையும்போது வாசலிலேயே நிறுத்தி, "ஊதுங்க" என்பேன். என் முகத்துக்கு நேரே குனிந்து "ஹா" என்று ஊதுவார். கொஞ்ச நாளில் நான் கேட்பதை நிறுத்திவிட்டேன், அவர் நிறுத்தவில்லை. செருப்பைக் கழற்றுவது, ஊதுவது, உள்ளே வருவது. பால் வாங்கப் போய்விட்டு வந்தால்கூட ஊதுவார். நீயும் டியூஷன் விட்டு வந்து அவருக்குப் பின்னால் வரிசையில் நின்று கிண்டலுக்கு ஊதுவாய், ஞாபகம் இருக்கிறதா? நாம் மூன்று பேரும் சிரிப்போம். சிரித்தபடியே நான் மோந்து பார்க்கத்தான் செய்தேன். அது உங்கள் இருவருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, ஒயினுக்கு வருகிறேன். உன் செல்வம் மாமா வழக்கம்போல முதல் ஆளாக யோசனை சொன்னான். "யக்கா, பாண்டில போய் ஒரு பெட்டி அள்ளிகினு வந்துடறேன். இங்க விக்கிற வெலைல பாதிதான்." என் தம்பி அல்லவா, குரலிலேயே குஷி தெரிந்தது. பாட்டில் பெட்டியோடு தாய்மாமன் செக்போஸ்டில் உட்கார்ந்திருந்தால் மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவது யார் என்று கேட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆக, பில்லோடு நம் ஊர்க் கடையிலேயே வாங்குவது என்று முடிவாயிற்று. அனுப்ப ஆள்? உன் அப்பாவை நான் அனுப்ப மாட்டேன். செல்வம் போனால் ஒயினோடு வேறு ஏதாவதும் வரும். நானே போனேன்.

முப்பது வருஷம் அஞ்சாம் வகுப்புக்குப் பாடம் சொன்ன டீச்சர் காட்டன் புடவையைக் கட்டிக்கொண்டு, குடையும் கையுமாகச் சரக்குக் கடைக்குள் நுழைந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். வரிசையில் நின்ற ஒருவன் என்னைப் பார்த்ததும் சிகரெட்டைப் பின்னால் மறைத்தான். என்னிடம் படித்தவன்போல இருக்கிறது. கவுண்டரில் இருந்தவர் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "போர்ட் ஒயினா? அது பிரசவமான பொண்ணுங்களுக்கு, ரத்தம் ஊறும்னு வாங்கிகினு போவாங்க. மூலைல கீது பாரும்மா" என்றார். மூலையில் கண்ணாடி வழியாக மதிய வெயில் சுள்ளென்று விழுந்துகொண்டிருந்தது. அந்த வெயிலில் பாட்டில்கள் நின்று வெந்துகொண்டிருந்தன. போர்த்துகல்லிலிருந்து வந்த அசல் சரக்கு ஒன்றும் உள்ளே பூட்டி வைத்திருந்தார்கள். அதன் விலையைக் கேட்டதும் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த ஒரு பாட்டிலுக்குக் கல்யாணக் கேக்கே வாங்கிவிடலாம். மிச்சம் இருந்தவை எல்லாம் நாசிக், கோவா, பெங்களூர் பக்கம் செய்தவை. எல்லாவற்றிலும் திராட்சைக் கொத்துப் படம். எது நல்லது, எது சாயத் தண்ணீர் என்று எனக்கு எப்படித் தெரியும்? வாழ்நாளில் ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை. வேறு வேறு பேரில் மூன்று பாட்டில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. நல்ல ஒயினா என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் உன் அப்பா. அதை வாயில் வைக்கக்கூடாத ஒரே ஆளும் அவர்தான். செல்வத்தைக் கேட்கலாம் என்றால் அவனுக்கு எல்லாமே சூப்பர்தான். மேசைமேல் மூன்று பாட்டிலையும் வைத்துவிட்டு நான் முழித்துக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நீ குடி. நான் சொல்றேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து வந்த காலை. ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கிறது, கொளவாய் ஏரிக் காற்று வீசுகிறது. நான் எவர்சில்வர் டம்ளரை எடுத்தேன். அதை வாங்கி வைத்துவிட்டு, கண்ணாடி டம்ளர் கொண்டுவரச் சொன்னார். "ஒரு விரக்கட ஊத்து. வெளிச்சத்துல புடி. ஓரத்துல செங்கல் கலரு தெரியுதா, இல்ல முழுசா ரோஸ்மில்க் கணக்கா கீதா?" முதல் பாட்டில் ரோஸ்மில்க்தான். "மோந்து பாரு." இருமல் மருந்து வாசனை. "வாயில வை. முழுங்கிடாத டீச்சரம்மா, நாக்கு மேல வெச்சிகினு இரு. இனிப்பு மொதல்ல வரும். அது போன அப்புறம் இன்னா வருதுன்னு சொல்லு." ஒன்றும் வரவில்லை, இனிப்புதான் என்றேன். "அப்ப அது வெறும் சக்கர. தள்ளி வை." இரண்டாவதில் கலர் நன்றாக இருந்தது, விழுங்கியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நெஞ்சுல சூடா, தொண்டைல எரிச்சலா? ரெண்டும் வேற வேற" என்றார். தொண்டையில் என்றேன். "சாராயத்தைக் கண்டபடி கலந்துகிறான். அதுவும் வேணா."

மூன்றாவதை வாயில் வைத்தேன். இனிப்புப் போன பிறகு அங்கே இன்னொன்று இருந்தது. கிறிஸ்மஸ் கேக்குக்கு ஊறப் போட்ட உலர்திராட்சை, அதற்கு அடியில் நாவல்பழம் தின்றால் வருகிற துவர்ப்பு. அதை எனக்குத் தெரிந்த வார்த்தையில் சொன்னேன். அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "முழுங்கின அப்புறமும் கீதா?" "கீது." "இப்ப?" "இன்னும் கீது." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அதான்" என்றார். ஏதோ செத்துப்போன உறவுக்காரரின் குரலைக் கேட்டவர் மாதிரி சொன்னார். அப்போதுதான் அவர் கைகளைக் கவனித்தேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டிலைத் திறந்ததிலிருந்தே அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். நான்தான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இத்தனை வருஷத்தில் அவர் எதை விட்டார் என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. சாக்கடையை விட்டுக் கரையேறினார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் விட்டது அவருக்கு ரொம்பப் பிடித்த ஒன்றை. பிடிக்காததை விடுவதற்கும் பிடித்ததை விடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது அந்த வாய் ஒயின் குடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் மூன்று பாட்டிலிலும் விரற்கடை விரற்கடையாக உள்ளே போயிருந்ததால் வேறு என்னென்னவோ பேசினேன் போலிருக்கிறது. ஹெட்மிஸ்ட்ரஸைப் பற்றி, என் மாமியாரின் மீன் குழம்பைப் பற்றி எல்லாம் பேசிச் சிரித்தேனாம். எழுந்தபோது மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் அப்பா என்னைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எழுந்து வந்து என் முகத்துக்கு நேரே குனிந்து, "இன்னா டீச்சரம்மா, இப்ப நீ ஊது பாக்கலாம்" என்றார். ஊதினேன். "அய்யே" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார். மிச்சத்தை எல்லாம் அவர் கண்ணெதிரிலேயே தொட்டியில் ஊற்றினேன். மூன்றாவதை ஊற்றும்போது மட்டும் அவர் எழுந்து பால்கனிப் பக்கம் போய்விட்டார்.

அந்தப் பாட்டிலின் படத்தை உனக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறேன். ஆனால் உன் நண்பனிடம் சொல், பேரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். ஜன்னலோரம் வெயிலில் நின்ற பாட்டிலை எடுக்கவே கூடாது, உள்ளே நிழலில் இருப்பதைக் கேட்டு வாங்கச் சொல். நானும் இரண்டாம் தடவை போனபோது குடோனிலிருந்து எடுத்துவரச் சொல்லித்தான் வாங்கினேன். அடைத்த தேதியைப் பார்க்க வேண்டும். லேபிளில் வாசனை, வண்ணம் சேர்த்தது என்று பொடி எழுத்தில் இருந்தால் வைத்துவிட வேண்டும். ஒரு பாட்டில் முதலில் வாங்கி, குடித்துப் பார்த்துவிட்டுப் பிறகு மொத்தமாக வாங்குவது நல்லது. குடித்துப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான், இனிப்புப் போன பிறகு என்ன இருக்கிறது என்பது. இது உன் அப்பா சொன்னது. அசல் போர்த்துகல் பாட்டில் இதைவிட நல்லதாக இருக்கலாம். நடுத்தரக் குடும்பத்துக் கல்யாணத்துக்கு இது போதும் என்று அவரே சொல்லிவிட்டார்.

டோஸ்ட்டுக்கு ஆறு பாட்டில் வாங்கி வந்தேன். வாங்கிய கையோடு ஒளித்துவிட்டேன். கிறிஸ்மஸ் கேக்குக்கு வாங்கும் குட்டி ரம் பாட்டிலையே பீரோவில் புடவைக்கு நடுவில் வைத்துப் பழகிய கை இது. அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பச்சரிசி டிரம் இருக்கிறதே, பொங்கலுக்கும் ஆப்பத்துக்கும் மட்டும் திறப்பது, அதற்குள் பாட்டில்களைப் படுக்க வைத்து, பில்லையும் ஒரு கவரில் போட்டு வைத்து, மேலே அரிசியைத் தள்ளி மூடினேன். உன் அப்பா எங்கே வைத்தாய் என்று கேட்கவும் இல்லை. அடுத்த இரண்டு வாரமும் நானும் செல்வமும் பத்திரிகை வைக்கச் செய்யூர், மதுராந்தகம் என்று அலைந்தோம். பஸ்ஸில் உட்கார்ந்தால் டிரம்தான் கண்ணுக்கு முன்னால் வரும். அவர் வீட்டில் தனியாக இருந்தார். சாயங்காலம் நான் திரும்பியதும், அன்றைக்கு வெளியே போகாத மனுஷன், கதவைத் திறந்து நின்று ஊதினார். நானும் மோந்து பார்த்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று நடந்தது உனக்குத் தெரியாது. நீயும் ஜெனியும் கோயிலில் தாலி கட்டி முடித்துப் படம் எடுக்கக் கடற்கரைக்குப் போய்விட்டீர்கள். நாங்கள் மாமல்லபுரத்து மண்டபத்தில். செல்வம் மேசைகளைப் பார்த்துக்கொண்டே வந்து, "யக்கா, ஒயின் எந்தப் பைல கீது?" என்றான். காலையில் வேனில் ஏற்றும்போது ஆளுக்கு ஒரு பையாகத் தூக்கினார்கள், வெற்றிலைப் பாக்குகூட வந்துவிட்டது. ஒளித்து வைத்ததை யார் தூக்குவது? எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான், எனக்கோ அன்றைக்கு என் தலை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. வேன் கேக் எடுக்கப் போயிருந்தது. செல்வத்தின் வண்டியை யாரோ வாங்கிப் போயிருந்தார்கள். நாங்கள் கிசுகிசுப்பதைப் பார்த்து உன் அப்பா வந்தார். "இன்னா ஆச்சு?" "ஒயினு... வூட்டுலயே..." என்று நான் இழுத்தேன். எங்கே என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவர் கையை நீட்டினார். "பச்சரிசி டிரம்ல தான? சாவியக் குடு, நம்ம வண்டில போய் எடுத்தாறேன்."

"எப்ப தெரியும்?" என்றேன். "நீ வெச்ச மறுநாளே. தொடாத டிரம்ல அரிசி மட்டம் ஏறுமா டீச்சரம்மா?" என்றார். சாதாரணமாகச் சொன்னார், உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று சொல்வதுபோல. இரண்டு வாரம். அத்தனை பகலும் அவர் அந்த டிரம்முக்குப் பக்கத்திலேயே நின்று சோறு வடித்திருக்கிறார். செல்வம் என் காதோரம், "யக்கா, தனியாவா அனுப்பப் போற? நானும் பின்னாடி ஏறிக்கிறேன்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. நானே வேறு நாளாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் உன் அப்பா அங்கேயே நின்று கொண்டிருந்தார், அவன் சொன்னது அவருக்கும் கேட்டிருக்கும். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பி, நான் முடிவு செய்யட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார். நான் பர்ஸைத் திறந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். தைரியத்தில் கொடுத்தேன் என்று நினைக்காதே. சாவி வளையத்தை என் விரல் விடவில்லை. அவர் அதைப் பார்த்தார், மெதுவாக உருவிக்கொண்டு போனார்.

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போய் வர, அவர் ஓட்டுகிற வேகத்துக்கு இரண்டு மணி நேரம். கிளம்பும்போது மணி ஐந்து, ஏழு மணிக்கு டோஸ்ட். ஏழாயிற்று. நீங்கள் மேடையில் ஏறிவிட்டீர்கள். மண்டபம் நிறைந்துவிட்டது. சம்பந்தி வந்து, "சம்பந்தியம்மா, அவர் எங்க, காணோமே?" என்று கேட்டார். "வந்துகினு இருக்காரு" என்றேன். போன் அடித்தால் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அடித்துக்கொண்டே இருந்தேன். ஏழரை. நான் வாசலில் போய் நின்றேன். வழியில் இருக்கிற ஒவ்வொரு கடையாக மனசில் வந்தது. வழியில் கடை எதற்கு, பையிலேயே இருக்கிறதே என்று வந்தது. ஒரு பாட்டிலைத் திறந்து ரோட்டோரம் உட்கார்ந்திருப்பாரோ. புள்ளை கல்யாணத்தில், இத்தனை பேர் முன்னால், பழையபடி தள்ளாடிக்கொண்டு வந்தால் என்ன செய்வேன்? நாங்கள் இருவரும் கட்டி வைத்த வீடு அது, நான் ஒரு சாவியைக் கொடுத்து இடித்துவிட்டேனோ? அந்த நேரத்தில் நான் அவரை நம்பவில்லை, அருள். நம்பினேன் என்று எழுதினால் பொய். நம்பாமலேதான் அவர் வர வேண்டிய திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விளக்கு வெளிச்சம் தெரிந்தது. வண்டியை ஸ்டாண்ட் போட்டார், தலையில் கர்சீப் கட்டியிருந்தார். நேராகத்தான் நடந்து வந்தார். "லேட்டாயிடுச்சு. திருக்கழுக்குன்றம் தாண்டி போலீஸ் புடிச்சிட்டான். பைல இன்னான்னு கேட்டான். ஒயினு, பையன் கல்யாணம்னேன். பில் கீதான்னான், உன் கவரைக் காட்டினேன். அப்பவும் வுடல. மெசினை வாயில வெச்சு ஊதுன்னான்." மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே போனார். "ஊதினேன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, 'இவ்ளோ சரக்கு வெச்சிகினு சுத்தமா வர்ற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன் நைனா, போ'ன்னான்." சிரித்தார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றினார். மண்டப வாசல் என்பதே அவருக்கு ஞாபகம் இல்லை. என் முகத்துக்கு நேரே குனிந்து மூச்சை இழுத்தார்.

நான் அவர் வாயைக் கையால் மூடினேன். "வேணா" என்றேன். "உள்ள வாங்க. ஜனம் காத்துகினு கீது." என் கைக்கு மேலே அவர் கண் மட்டும் என்னைப் பார்த்தது. பிறகு பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் பாட்டில்களை எண்ணவில்லை. மூடி உடைந்திருக்கிறதா என்று பார்க்கவில்லை. அதை வேண்டுமென்றே பார்க்காமல் இருந்தேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், தானாக வந்த நம்பிக்கை இல்லை அது.

உள்ளே செல்வம் பாட்டிலைத் திறக்கப் போனான். உன் அப்பா அவனை நகர்த்திவிட்டு, கேட்டரிங் பையனிடமிருந்து ஒரு வெள்ளைத் துண்டை வாங்கி முழங்கையில் போட்டுக்கொண்டார். மேசை மேசையாகப் போனார். ஒவ்வொரு டம்ளரிலும் ஒரே அளவு. ஊற்றி முடிக்கும்போது பாட்டில் கழுத்தை லேசாகத் திருப்புவார், ஒரு சொட்டு விரிப்பில் விழாது. இந்த அழகை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை, அவர் வேலை செய்த இடத்துக்கு என்னை அவர் கூட்டிப் போனதில்லை. நீ மேடையிலிருந்து கையைக் காட்டியது அப்போதுதான். சர்வர் மாதிரி என்று நீ சொன்னாயே, சர்வரேதான். அந்த மண்டபத்தில் அத்தனை பேருக்கும் தன் கையால் ஊற்றிக் கொடுத்துவிட்டு, தன் டம்ளரில் ஜக்கிலிருந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டு உயர்த்திய சர்வர். ஜெனியின் பெரியப்பா குடித்துவிட்டு, "சம்பந்தி, இது எந்த ஊரு சரக்கு? இன்னும் நாக்குலயே கீது" என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தேன். அதனால்தான் அந்தப் படத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். ஒயின் காரமாக இருந்ததோ என்று ஜெனி கேட்டாளாம். இல்லை என்று சொல்லிவிடு.

உங்களுக்கு அறிவுரை என்று பெரிதாக ஒன்றும் என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒருவருக்காகப் பயந்து இன்னொருவர் எதையாவது ஒளித்து வைக்கும் நாள் வரும். ஒளிக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒளித்த இடம் அவருக்குத் தெரியும் என்று மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தும் அவர் பேசாமல் சோறு வடித்துக்கொண்டிருக்கலாம். அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கூடத்தில் மாட்டு. அப்பா கேட்டால் அம்மாவின் ஆசை என்று சொல்.

கல்யாணத்துக்கு மறுநாள் சாயங்காலம் அவர் கடைக்குப் போய்க் கீரை வாங்கி வந்தார். செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. வழக்கம்போல வாசலில் நின்று மூச்சை இழுத்திருப்பார். நான் அடுப்படியை விட்டு வெளியே போகவில்லை. "கீரைய மேசைல வைங்க" என்று உள்ளே இருந்தே சொன்னேன். எட்டிப் பார்த்தேன். தெருப்பக்கம் திரும்பி நின்று, இழுத்த மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து கீரையை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "இன்னா டீச்சரம்மா, மூக்கடைப்பா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன். இன்றுவரை அது சரியாகவில்லை.

அம்மா